எழுந்து போன ஈசாக்

என் வீட்டுக்காரர் செய்த ஒரே தப்பு, பேரைச் சொன்னதும் எழுந்து நின்றது. பேசாமல் உட்கார்ந்தே இருந்திருக்கலாம். பக்கத்து ஆள் முகத்தைப் பார்த்திருக்கலாம். ஒரு இருமல் இருமியிருக்கலாம். எதுவும் செய்யாமல் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுந்து நின்றார்.

எங்கள் காலனியில் ஊர்களுக்குப் பேர் கிடையாது, எண்தான். எங்கள் பதினாலாம் ஊரில் ஈசாக் ஹார்டர் என்று இரண்டு பேர். இரண்டு பேருடைய அப்பா பேரும் பீட்டர். எங்கள் ஜனங்களுக்கு ரஷ்யாவிலிருந்து கனடா, கனடாவிலிருந்து மெக்சிகோ, மெக்சிகோவிலிருந்து இந்த பொலிவியா என்று நாடு மாறத் தெரிந்ததே தவிர, பிள்ளைக்குப் புதிதாக ஒரு பேர் வைக்கத் தெரியவில்லை. பட்டப்பேர் மட்டும் இல்லையென்றால் எங்களால் ஒருவரையொருவர் சாப்பிடக்கூடக் கூப்பிட முடியாது. என் வீட்டுக்காரர் செம்பட்டை ஈசாக். இன்னொருவன் ஆழ்கிணறு போடுகிறவன், அதனால் கிணத்து ஈசாக். வயலிலும் கடையிலும் சீஸ் ஆலை வாசலிலும் அப்படித்தான் சொல்வோம். ஜெபவீட்டுக்குள் மட்டும் பட்டப்பேர் வரக்கூடாது. தேவனுடைய வீட்டில் கேலிப்பேர் எதற்கு என்று என்றைக்கோ யாரோ வைத்த கட்டளை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூப்பர் க்ரோக்கர் பிரசங்கத்தை முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றினாலே யாருக்கோ சீட்டுக் கிழியப் போகிறது என்று எங்களுக்குத் தெரியும். "பதினாலாம் ஊர், பீட்டர் மகன் ஈசாக் ஹார்டர், ரப்பர் டயர் வண்டி சொந்தமா வச்சு தானே ஓட்டின குற்றத்துக்காகவும், கூப்பிட்டு அனுப்பியும் வந்து பதில் சொல்லாததுக்காகவும் இன்னையிலேர்ந்து சபைக்குப் புறம்பானவர்" என்றார். டிராக்டருக்கே இரும்புச் சக்கரம்தான் போட வேண்டும் என்கிற சபை இது. ரப்பர் போட்டால் பிள்ளைகள் அதிலேயே ஏறி நகரத்துக்குப் போய்விடுவார்கள் என்று பயம்.

டவுனில் ஒரு மோட்டார் வண்டியை ஒளித்து வைத்து ஓட்டிக்கொண்டிருந்தது கிணத்து ஈசாக். அன்றைக்கு அவன் ஜெபவீட்டுக்கு வரவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஆண்கள் பக்கத்தில் செம்பட்டைத் தலை ஒன்று மெல்ல உயர்கிறது. தள்ளி வைக்கப்பட்டவர் பாட்டுக்கு முன்னால் எழுந்து வெளியே போக வேண்டும் என்பது முறை. இவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "எதுக்கு எழுந்தீங்க? உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"பேர் சொன்னாங்க நேட்டா."

"சொன்னா? நீங்க எந்த வண்டியை ஓட்டினீங்க? தள்ளுவண்டி கூட ஒழுங்கா தள்ளத் தெரியாது."

"மூப்பர் சொன்னா ஏதாவது இருக்கும்னு நெனச்சேன். வெளிய வந்து குதிரையை அவுக்கும்போதுதான் யோசிச்சேன், நான் ஓட்டவே இல்லையேன்னு."

இப்படிப்பட்ட மனிதரோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

மறுவாரமே வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் போனார். வியாழக்கிழமைதான் மூப்பரும் போதகர்களும் உட்கார்ந்து வழக்குக் கேட்பார்கள். மூப்பருக்கு உண்மை தெரிந்திருந்தது. அவர் கெட்டவர் இல்லை, வயதானவர், மூட்டு வலிக்காரர். "தப்பு நடந்துபோச்சு ஈசாக். ஆனா பிரசங்க மேடையிலேர்ந்து போன வார்த்தையை நான் எப்படித் திரும்பக் கூப்பிடறது? நாளைக்கு இன்னொருத்தனைத் தள்ளி வச்சா, 'மூப்பருக்கு ஆள் மாறிப்போச்சு'ன்னு அவனும் உக்காந்துக்குவான். நீ இல்லன்னா நீ ஏன்பா எழுந்தே?" என்று கேட்டாராம்.

"அப்ப கிணத்து ஈசாக் பேரைப் படிக்கிறதுதானே?" என்று நான் கேட்டேன்.

"ஒரு குத்தத்துக்கு ஒரு தடவைதான் பேர் படிக்க முடியுமாம். படிச்சாச்சாம்."

"நல்லா இருக்கே கதை!"

திரும்பி வருவதற்கு ஒரே வழி மன்னிப்புக் கேட்பதுதான். சபைக்கு முன்னால் முழங்கால் போட்டு, "டயர் வண்டி ஓட்டினேன், மனசார வருந்துறேன், என்னைச் சேர்த்துக்கங்க" என்று சொன்னால், அடுத்த நிமிஷம் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள். ஊரில் பாதிப் பேர் ஒரு தடவையாவது அப்படி முழங்கால் போட்டவர்கள்தான். ஆனால் என் வீட்டுக்காரர், "ஓட்டலையே நேட்டா. ஓட்டினேன்னு தேவனுக்கு முன்னாடி எப்படிப் பொய் சொல்றது?" என்றார். அத்தோடு எங்கள் வாழ்க்கை நின்றது.

தள்ளி வைத்தவரோடு சபையில் இருப்பவர் ஒரே மேஜையில் சாப்பிடக் கூடாது, ஒரே படுக்கையில் படுக்கக் கூடாது. கட்டின பெண்டாட்டியாக இருந்தாலும் இதே சட்டம்தான். சமையலறை ஓரத்தில் அவருக்கு ஒரு சின்ன மேஜை போட்டேன். எங்கள் கடைசிப் பையன்கள் இரண்டு பேரும் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, அதனால் அவர்களுக்கு எந்த மேஜையும் சரிதான். இரண்டு பேரும் அப்பாவோடு போய் உட்கார்ந்துகொண்டு, நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே சிரிப்பார்கள். பெரிய மேஜையில் நான் ஒருத்தி. யாரைத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கே சந்தேகம் வரும். பால் வண்டி எங்கள் வாசலில் நிற்பதை நிறுத்திவிட்டது. கறந்த பாலைப் பன்றிக்கு ஊற்றினேன். ராத்திரி அவர் கொட்டகையில் படுப்பார். குளிர்காற்று தெற்கிலிருந்து வீசும் நாட்களில் அவருடைய இருமல் எனக்குக் கேட்கும். எழுந்து போய்ப் போர்வையைச் சரிசெய்யலாம்தான், அதற்குத் தடை இல்லை. ஆனால் போனால் திரும்பி வர மனசு வராது. அதனால் போகவில்லை.

நடப்பது நடக்கட்டும் என்று நானும் அவரோடு சேர்ந்து சாப்பிட்டால் என்னையும் தள்ளி வைப்பார்கள். தள்ளி வைத்தால் என் பெரிய மகள் ஜஸ்தீனா வீட்டில் நான் கை நனைக்க முடியாது. பதினொன்றாம் ஊரில் இருக்கிறாள், சபையில் இருக்கிறாள், முதல் பிள்ளை வயிற்றில் இருக்கிறது. பிரசவத்துக்கு நான் போய் அடுப்பைப் பார்த்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, அவளோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டாமா? அந்த ஒன்றுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு பெரிய மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். மாதங்கள் போயின. எனக்குக் கோபம்கூட ஓய்ந்து வெறும் களைப்பு மட்டும் மிஞ்சியது.

ஒரு நாள் கிணத்து ஈசாக்கே வந்து சேர்ந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். நான் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அண்ணி, நான் மனுஷனே இல்ல."

"தெரியும். மேல சொல்லு."

"நான் போய் ஒத்துக்கறேன்னு சொன்னேன். மூப்பர் வேண்டாங்கிறாரு. அந்தக் குத்தத்துக்குப் பேர் படிச்சாச்சாம். வேற குத்தம் ஏதாவது செஞ்சியான்னு கேக்குறாரு."

என் வீட்டுக்காரர் கொட்டகையிலிருந்து வந்தார். கையெல்லாம் கிரீஸ். அவனைத் திட்டுவார் என்று நானும் ஆசையாகக் காத்திருந்தேன். அவரோ, "உன் வண்டி இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"தோன் எவாரிஸ்தோ வீட்டுக் கொல்லையில. ஆத்துக்கு அந்தாண்ட. விக்கலாம்னு இருக்கேன் அண்ணே."

"விக்காத. ஒரு நாள் எனக்கு வேணும்."

"எதுக்கு?" என்றேன் நான்.

"ஓட்டறதுக்கு. செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டா அது பொய். செஞ்சிட்டுக் கேட்டா பொய் இல்லையே. ஒரு சுத்து சுத்திட்டு வந்து, வியாழக்கிழமை மனசார வருத்தப்பட்டு முழங்கால் போட்டுட்டா முடிஞ்சுது."

கிணத்து ஈசாக் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இத்தனை மாதம் கொட்டகையில் படுத்து இந்த மனிதர் யோசித்தது இதைத்தானா என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் யோசித்துப் பார்த்தால் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

"சாவி எடுத்துக்கங்கண்ணே. பெட்ரோல் நானே போட்டு வைக்கிறேன். அதுகூடச் செய்யலன்னா எப்படி?" என்றான் கிணத்து ஈசாக்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் காலனியில் ஒரு ஈ காக்கை அசையாது. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். அந்த நேரமாகப் பார்த்துக் குதிரைவண்டியில் கிளம்பினோம். சாப்பாட்டிலும் படுக்கையிலும்தான் எங்கள் சட்டம் கறார், ஒரே வண்டியில் போவதற்குத் தடை இல்லை. சாட்சிக்கு நான் வேண்டும் என்று அவர்தான் கூப்பிட்டார். ஆற்றைத் தாண்டி, எங்கள் ஜனம் அல்லாத பொலிவியாக்காரர் தோன் எவாரிஸ்தோவின் வீட்டுக் கொல்லையில், மாமரத்துக்குக் கீழே நின்றது அந்த வெள்ளை வண்டி. கோழி எச்சம் முழுக்க அதன் மேல்தான்.

டிராக்டர் ஓட்டுகிற கை என்பதால் அவருக்குப் பழக நேரமாகவில்லை. என்னையும் பக்கத்தில் ஏறச் சொன்னார். சோளக்காட்டு ஓரமாக மண் பாதையில் வண்டி போனது. இரும்புச் சக்கரத்தில் போனால் பல்லெல்லாம் ஆடும், போய்ச் சேர்ந்த பிறகும் காதுக்குள் கடகடவென்று கேட்கும். இது தயிரில் கரண்டி இறங்குகிற மாதிரி போனது. அவர் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டார். யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. அப்புறம் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

"இப்ப வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் பொறு, வரும். இன்னொரு சுத்து போய்ப் பாக்கறேன்."

இன்னொரு சுற்றும் போனோம். அப்புறம் எனக்கு என்ன தோன்றியதோ, "நகருங்க, நான் ஓட்டறேன்" என்றேன்.

"நீயா? உனக்கு எதுக்கு?"

"நகருங்கன்னா நகருங்க."

கால் எங்கே, கை எங்கே என்று அவர் சொல்லிக் கொடுத்தார். வண்டி துள்ளியது, பிறகு ஓடியது. என் தலைக்குட்டை பின்னால் பறந்தது. எதிரே ஒரு பசு வந்து நடுப்பாதையில் நின்றுவிட்டது. நான் "பர்ர்ர், பர்ர்ர்" என்று கத்திக்கொண்டே ஸ்டீயரிங்கை மார்போடு சேர்த்து இழுத்தேன், கடிவாளத்தை இழுப்பது மாதிரி. நிற்பேனா என்றது. அவர் எட்டிக் காலால் எதையோ மிதித்த பிறகுதான் நின்றது. பசு எங்களைப் பார்த்துவிட்டுப் பொறுமையாக நகர்ந்தது. கொல்லை வேலிக்கு மேலே தோன் எவாரிஸ்தோவின் தலை தெரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "செனியோரா, அது குதிரை இல்ல, புல்லு தின்னாது!" என்று கத்தினார். நான் ஸ்டீயரிங்கிலேயே தலையை வைத்துச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

எவாரிஸ்தோவின் மனைவி மரவள்ளி மாவில் சீஸ் போட்டுச் சுட்ட சூடான ரொட்டியை ஒரே தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். நான் என் பங்கை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அவர் வண்டிக்குப் பின்னால் நின்று சாப்பிட்டார். இவ்வளவு நேரம் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு வாய் ரொட்டிக்கு ஆளுக்கொரு திசை.

"என்ன, அதுக்குள்ள சண்டையா?" என்று எவாரிஸ்தோ கேட்டார்.

"சண்டை இல்ல. மதம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அடுத்த வியாழக்கிழமை மூப்பர் வீட்டுக்குப் போனோம். அங்கே காத்திருக்க நேர்ந்தால் ஆகட்டும் என்று ரொட்டியும் புகைபோட்ட சாசேஜும் ஒரு துணியில் கட்டி எடுத்துக்கொண்டேன். பெண்களைக் கூட்டத்துக்குள் விடுவதில்லை. ஆனால் நான் மேஜையையும் படுக்கையையும் ஒழுங்காகப் பிரித்து வைத்திருந்தேனா என்று கேட்க என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். போதகர்கள் சுவர் ஓரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூப்பர் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்ல வந்தே ஈசாக்?"

"ரப்பர் டயர் வண்டி ஓட்டினேன் ஐயா."

அறைக்குள் எல்லோரும் ஒரு பெருமூச்சு விட்டார்கள். பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. மூப்பர் முகத்தில்கூட ஒரு சிரிப்பு வந்தது. "இதைச் சொல்ல இவ்வளவு நாளா? சரி, எப்ப ஓட்டினே?"

"போன வாரம்."

சிரிப்பு போய்விட்டது. "உன்னைத் தள்ளி வச்சது போன வருஷம்டா."

"ஆமாங்க. அப்ப ஓட்டல, அதனால ஒத்துக்க முடியல. இப்ப ஓட்டிட்டேன். இனிமே ஒத்துக்கலாம்."

ஒரு போதகர் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். மூப்பர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "எப்படியோ போகட்டும். தேவன் பாத்துக்குவாரு. மனசார வருந்துறியா?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று நான் விரலை முறுக்கிக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை முழங்கால் போட்டால் ராத்திரி வீட்டுக்குள் வந்துவிடலாம், இருமினால் நான் பக்கத்தில் இருப்பேன்.

"வருத்தப்படணும்னுதான் ஐயா ஓட்டினேன். வரும்னு நெனச்சேன். தினமும் முழங்கால்ல நின்னு பாத்தேன். வரல. நல்லா இருந்துச்சுங்க."

எனக்கு அப்படியே போய் அந்தச் செம்பட்டை மயிரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பெண்டாட்டிக்காக ஒரு பொய் சொல்லத் தெரியாதா இந்த ஆளுக்கு? மாமியார் வைத்த முட்டைக்கோஸ் சூப்பைக் கல்யாணமான நாளிலிருந்து நான் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லையா?

மூப்பர் என் பக்கம் திரும்பினார். "பாத்தியாம்மா? நீ என்ன பண்ணுவே, பாவம். உன் மேல குறை ஒண்ணும் இல்ல. நீ சட்டப்படி இருந்திருக்கே. போய்ட்டு வாம்மா, இவன் இப்படியே இருக்கட்டும்."

இப்படியே என்றால் இன்னும் எத்தனை குளிர்காலம்? சாகும்வரை நான் பெரிய மேஜையில், அவர் சின்ன மேஜையில். அவர் நான் ஓட்டியதைப் பற்றி மூச்சு விடவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை, அவர் கணக்கில் அது பொய் ஆகாது. என்னைக் காப்பாற்றுகிறார் என்று புரிந்தது. அதற்காக அவர் மேல் அன்பும் எரிச்சலும் ஒரே நேரத்தில் வந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. சபையில் இருப்பவர் தள்ளி வைத்தவரோடு சாப்பிடக் கூடாது என்றுதான் சட்டம். தள்ளி வைத்த இரண்டு பேர் சேர்ந்து சாப்பிடுவதைப் பற்றி எந்தச் சட்டமும் இல்லை. அதை யாரும் யோசிக்கவே இல்லை.

"நானும் ஓட்டினேன் ஐயா" என்றேன்.

"நேட்டா!" என்றார் என் வீட்டுக்காரர்.

"சும்மா இருங்க. ஓட்டினேன். பசு மேல ஏத்தப் பாத்தேன்."

மூப்பர் என்னையே பார்த்தார். அவருக்கும் களைப்பாக இருந்தது, முகத்தில் தெரிந்தது. என் முழுப்பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "அகனேத்தா, இங்க வா. வருந்துறேன்னு ஒரு வார்த்தை சொல்லு. இந்த நாலு சுவருக்குள்ளயே முடிச்சிடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்." குரலைத் தாழ்த்தினார். "உன் பொண்ணு ஜஸ்தீனாவுக்கு நாள் நெருங்குதுன்னு கேள்விப்பட்டேன். அவளை நெனச்சுப் பாரும்மா."

"நெனச்சேன் ஐயா. அவளை நெனச்சுத்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கல." பொய் எனக்கு வரும், நன்றாகவே வரும். அதை மூப்பரே தயாராக வைத்திருந்தார், நான் எடுத்துக்கொண்டால் போதும். எடுத்துக்கொள்ள முடியவில்லை. "எனக்கும் வருத்தம் வரலைங்க. என் பேரையும் படிச்சிடுங்க."

மூப்பர் முட்டியில் கையை ஊன்றி எழுந்து, எங்களுக்காகக் கதவைத் திறந்துவிட்டார். அதை அவர் செய்திருக்க வேண்டியதில்லை.

திரும்பும்போது பதினொன்றாம் ஊர் முக்கில் குதிரை பழக்கத்தில் ஜஸ்தீனா வீட்டுப் பாதைக்குத் திரும்பியது. தூரத்தில் அவள் வீட்டுத் தகரக் கூரை தெரிந்தது, முற்றத்தில் யாரோ கோழிக்குத் தீவனம் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அவள்தான், நடையே சொன்னது. முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். என் வீட்டுக்காரர் கடிவாளத்தை இழுத்துக் குதிரையை நேர்ப் பாதைக்குத் திருப்பினார். நான் அவள் மறைகிறவரை பார்த்துக்கொண்டே வந்தேன்.

கொஞ்ச தூரம் போய் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். துணியை அவிழ்த்து ரொட்டியைப் பிய்த்தேன். சாசேஜை உள்ளே வைத்து, அவர் கையில் கொடுத்தேன்.

அவர் வாங்கிக்கொண்டு அப்படியே வைத்திருந்தார். "ஞாயித்துக்கிழமைதானே நேட்டா பேர் படிப்பாங்க. அதுவரைக்கும் நீ சபையில..."

"ஈசாக், வாயைத் திறந்தா தின்னறதுக்குத் திறங்க."

அவர் கடித்தார். நான் மிச்சத்தை எடுத்துக்கொண்டேன். ஒரே துணியிலிருந்து, ஒரே பலகையில் உட்கார்ந்து. எனக்கு அழுகையும் வந்தது, பசியும் வந்தது. முதலில் சாப்பிட்டோம்.